இதற்கு என்ன பெயர்?

தாமிரபரணிக் கரையிலுள்ள ஒரு சிற்றூரின் உயர்தரப் பாடசாலையில் பதினோரு வருஷ காலம் ஆங்கில உபாத்தியாயராக இருந்து, ரென்னும் மார்ட்டினும் சேர்ந்து எழுதிய இலக்கணத்தை அட்டை முதல் அட்டை வரை மனனம் செய்து, மாக்பெத் நாடகத்தை ஐந்து முறை பாடம் நடத்தி, சக உபாத்தியாயர்களின் விண்ணப்பங்களுக்கெல்லாம் பிழை திருத்திக் கொடுத்து, 'இங்கிலீஷ் சார்' என்றால் ஊரில் இன்னாரைத்தான் குறிக்கும் என்று பெயரெடுத்திருந்த நான், 1962ஆம் வருஷம் செப்டம்பர் மாதத்தில் ஒரு மழைநாள் மாலை, இங்கிலாந்தின் வடபகுதியிலுள்ள லீட்ஸ் நகரத்தில், முகம் கழுவும் தொட்டி ஒன்றின் முன்னால் வாயடைத்து நின்றேன்.

ஆங்கில போதனா முறையில் ஒரு வருஷப் பயிற்சி பெறுவதற்காக உபகாரச் சம்பளத்தில் போயிருந்தேன். குடியிருக்கக் கிடைத்தது, ஹெடிங்லி பகுதியில் புகையேறிக் கறுத்த செங்கல் வீட்டின் மாடியறை. தொட்டியில் இரண்டு குழாய்கள் இருந்தன. ஒன்றில் கையை வைக்க முடியாத கொதிநீர், மற்றொன்றில் கையை வைத்தால் விரல் விறைக்கும் குளிர்நீர். இரண்டுக்கும் நடுவே ஏதேனும் மார்க்கம் உண்டா என்று நான் ஆராய்ந்துகொண்டிருந்தபோது, வீட்டுக்கார அம்மாள் கீழேயிருந்து, 'ப்ளக்'கைப் போட்டாகிவிட்டதா என்று குரல் கொடுத்தார். ப்ளக் என்பது மின்சார சம்பந்தமான வஸ்து என்பதைத் தவிர வேறொன்றும் அறியாத நான், வெந்நீருக்கு மின்சாரம் வேண்டும்போலும் என்று எண்ணிச் சுவரெல்லாம் தடவிப் பார்த்தேன். கடைசியில் அவரே படியேறி வந்து, தொட்டியின் ஓரத்தில் சங்கிலியில் தொங்கிக்கொண்டிருந்த ரப்பர் அடைப்பானை எடுத்து அடித்துவாரத்தில் செருகி, இரண்டு குழாய்களையும் திறந்துவிட்டு, நான் ஏதோ மலைப் பிரதேசத்திலிருந்து வந்தவனோ என்று சந்தேகிக்கும் பார்வையொன்றை என்மேல் செலுத்திவிட்டு இறங்கிப் போனார்.

அன்றிரவு அதைப் பற்றி வெகுநேரம் யோசித்தேன். எனக்குத் தெரியாமற்போனது ஒரு சொல் மட்டுமல்ல. ஓடுகிற தண்ணீரில்தான் முகம் கழுவ வேண்டும், தேங்கிய நீரில் கழுவுவது அசுத்தம் என்று ஆற்றங்கரையில் வளர்ந்தவனுக்கு, தொட்டியை அடைத்து நீரைத் தேக்கி, அந்த நீரிலேயே முகத்தையும் கையையும் அலம்பிக்கொள்ளும் வழக்கம் ஒன்று உலகத்தில் உண்டு என்பதே தெரியாதிருந்தது. வழக்கம் தெரியாதவனுக்கு அந்த ரப்பர்த் துண்டு கண்ணில் பட்டாலும் கருத்தில் படாது. அதற்கு ஒரு பெயர் இருக்கவேண்டுமென்றும் தோன்றாது.

எங்கள் தலைமுறை கற்ற ஆங்கிலம் எத்தகையது என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். 1835இல் மெக்காலே பிரபு தமது அறிக்கையை எழுதியபோது என்ன நினைத்திருந்தாலும், அதன் பலனாக நம் தேசத்துக்கு வாய்த்தது கச்சேரி ஆங்கிலம். தாசில்தாருக்கு மனுப் போடவும், வக்கீல் நோட்டீஸுக்குப் பதில் எழுதவும், 'தங்கள் உண்மையுள்ள ஊழியன்' என்று பணிந்து முடிக்கவும் அது போதும். அதற்கு மேல் கொஞ்சம் அலங்காரம் வேண்டுமென்றால், கண்ணால் கண்டிராத டாஃபொடில் மலரையும் காதால் கேட்டிராத வானம்பாடியையும் பற்றிய செய்யுட்கள் இருந்தன. அந்த ஆங்கிலம் நீதிமன்றத்துக்குள் நுழைந்தது, ஆபீசுக்குள் நுழைந்தது, கல்லூரிக்குள் நுழைந்தது. அடுக்களைக்குள் மட்டும் ஒரு நாளும் நுழையவில்லை. 'ஜூரிஸ்டிக்ஷன்' என்ற சொல்லைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் எழுத்துக்கூட்டிச் சொல்லக்கூடிய எனக்கு, பாத்திரம் கழுவிக் கவிழ்த்து வைக்கும் பலகைக்கு என்ன பெயர் என்று தெரியாது. ஈரத் துணியை 'குதிரை'மேல் போடும்படி அந்த அம்மாள் சொன்னபோது நான் ஜன்னல் வழியே வீதியைப் பார்த்ததையும், அது கணப்பின் முன்னால் நிறுத்தித் துணி உலர்த்தும் மரச்சட்டத்தின் பெயரென்று பிற்பாடு தெரிந்துகொண்டதையும் விஸ்தரிக்கப்போவதில்லை.

அவர் விதவை, வயது அறுபதுக்கு மேலிருக்கும். லீட்ஸ் அந்நாளில் ஆயத்த ஆடைக்குப் பெயர்போன நகரம். அவருடைய கணவர் அத்தகைய ஒரு தொழிற்சாலையில் துணி வெட்டுபவராக இருந்து காலமானவர். அந்த அம்மாள் என்னை முதல் நாளிலிருந்தே 'லவ்' என்றுதான் அழைத்தார். எனக்கு உடல் கூசியது. மறுநாள் பஸ்ஸில் டிக்கெட் கொடுத்த கண்டக்டர் அம்மாளும், அதற்கடுத்த நாள் ரொட்டிக் கடைக்காரியும் அவ்வாறே அழைக்கக் கேட்ட பிறகுதான், மதுரையில் காய்கறிக்காரி 'வாங்க ராசா' என்று கூப்பிட்டால் தனக்குப் பட்டாபிஷேகம் ஆகிவிட்டதாக எவனும் மயங்குவதில்லை என்பது ஞாபகத்துக்கு வந்து, என் மனம் ஒருவாறு சமாதானமடைந்தது.

சாப்பாட்டு விஷயத்தில் சமாதானம் அவ்வளவு சுலபமாக வரவில்லை. காலையில் பிரேக்ஃபாஸ்ட், மத்தியானம் லஞ்ச், இரவில் டின்னர் என்று கரும்பலகையில் கோடு கிழித்து எழுதிப் போட்டவன் நான். அந்த வீட்டிலோ மத்தியானச் சாப்பாட்டுக்குத்தான் டின்னர் என்று பெயர். மாலை ஐந்தரை மணிக்கு உண்ணும் ஆகாரத்துக்கு 'டீ' என்று பெயர். டீக்கு வரச் சொன்னார்களே என்று, ஒரு கோப்பைத் தேநீருக்கு வேண்டிய இடத்தை மட்டும் வயிற்றில் வைத்துக்கொண்டு கீழே இறங்கிப் போனால், மேஜையில் ரொட்டி, வெண்ணெய், பாலாடைக்கட்டி, வேகவைத்த உருளைக்கிழங்கு எல்லாம் வரிசையாக இருந்தன. அதன் பிறகு இரவில் ஒன்றும் கிடையாது என்பதைப் பத்து மணிக்குப் பசி வந்து சொல்லிற்று.

ஞாயிற்றுக்கிழமைப் புட்டிங் இதற்கெல்லாம் மேற்பட்டது. புட்டிங் என்றால் சாப்பாட்டின் முடிவில் வரும் இனிப்பு என்று அகராதியும் நானும் ஒருமனதாக நம்பியிருந்தோம். யார்க்ஷயர் புட்டிங் இனிப்புமில்லை, முடிவில் வருவதுமில்லை. ஓரங்கள் பொன்னிறமாக எழும்பி நடுவே குழிந்த ஒரு பணியாரம் என்று சொல்லலாம். குழியில் வெங்காயக் குழம்பை ஊற்றி, மற்றப் பதார்த்தங்களுக்கு முன்னாலேயே பரிமாறுவார்கள். மாவு மலிவு, மாமிசம் விலை ஜாஸ்தி. முதலில் இதைத் தின்று வயிறு பாதி நிறைந்துவிட்டால் பிறகு மாமிசம் கொஞ்சமாகச் செலவாகும் என்பது அந்தச் சீமைக் குடும்பங்களின் பழைய சிக்கன சாஸ்திரம். நான் சைவன் என்பதறிந்து அவர் எனக்கென்று தனியாக, மாமிசச் சாறு சேராத வெங்காயக் குழம்பு வைத்துக் கொடுத்தார். எப்படிச் செய்வது என்று உபசாரத்துக்காகக் கேட்டேன். மாவு, பால், முட்டை என்று தொடங்கினார்; முட்டை விஷயத்தில் என் வைராக்கியம் கப்பலிலேயே தளர்ந்திருந்தபடியால் தலையாட்டினேன். புகைகிற சூட்டில் கொஞ்சம் 'டிரிப்பிங்' என்று முடித்தார். அந்தச் சொல்லை வினையெச்சம்போல் எடுத்துக்கொண்டு, சொட்டச் சொட்டச் சூடாக வார்க்க வேண்டும்போலும் என்று அர்த்தம் பண்ணிக்கொண்டேன். 'இங்' விகுதி பெற்ற சொல் எங்கே வினை, எங்கே பெயர் என்று மூன்று வாரம் வகுப்பெடுத்து, வேற்றுமை தெரியாத பையன்களைப் பெஞ்சின்மேல் நிறுத்தியவன் நான்.

மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் ருசித்துச் சாப்பிட்டேன். நாலாவது வாரத்தில் ஒருநாள் உப்பு எடுக்கச் சமையலறை அலமாரியைத் திறந்தபோது, மேலே வெண்மையாகவும் அடியில் பழுப்பாகவும் உறைந்த ஏதோவொன்று ஒரு கிண்ணத்தில் இருக்கக் கண்டு, இதற்கு என்ன பெயர் என்று கேட்டேன். 'டிரிப்பிங், லவ்' என்றார். மாட்டிறைச்சியை வாட்டும்போது சொட்டும் கொழுப்பைப் பிடித்து உறையவைத்தது அது. ரொட்டியில் தடவி உப்புத் தூவித் தின்றாலும் நன்றாயிருக்கும் என்று மேலும் விளக்கம் சொன்னார். என் முகம் போன போக்கைப் பார்த்துத்தான் அவருக்கு விஷயம் விளங்கிற்று. 'நான்தான் முதல் நாளே சொன்னேனே!' என்று அழாக்குறையாகச் சொன்னார். அவர் சொன்னது முற்றிலும் உண்மை. இலக்கணம் பயின்ற ஒருவன் ஒரே ஒரு சொல்லைத் தவறாகப் பகுபதம் பிரித்ததால் பரம்பரை ஆசாரத்தை இழந்த கதை உலகத்தில் இது ஒன்றாகத்தான் இருக்குமென்று நினைக்கிறேன். அடுத்த ஞாயிறு முதல் எனக்கென்று ஒரு தனித் தட்டில் எண்ணெய் விட்டுச் சுட்டார். உண்மையைச் சொன்னால், முன்போல் எழும்பவில்லை.

அவ்வருஷத்துப் பனிக்காலம் சரித்திரத்தில் இடம்பெற்றது. கிறிஸ்துமஸுக்கு மறுநாள் முதல் மார்ச் மாதத் தொடக்கம் வரை பனி நிலத்தைவிட்டு அகலவில்லை. 1740ஆம் வருஷத்துக்குப் பிறகு இங்கிலாந்தில் அத்தகைய குளிர் வந்ததில்லை என்று பத்திரிகைகள் எழுதின. அறையில் கணப்பு எரிய வேண்டுமானால் காஸ் மீட்டரின் வாயில் ஷில்லிங் நாணயத்தைப் போட வேண்டும். நாணயம் தீர்ந்தால் ஜுவாலையும் தீர்ந்துபோகும். அப்படியொரு மாலையில், கடைக்குப் போய்த் திரும்பிய அம்மாள், கதவைத் திறந்ததும் திறவாததுமாக, தாம் 'ஸ்டார்வ்ட்' ஆகிவிட்டதாகச் சொல்லிக்கொண்டே உள்ளே வந்தார். பட்டினியால் வாடுகிறார் என்று எண்ணி நான் ஓடோடிப் போய் என் அறையிலிருந்த பிஸ்கட்டுப் பெட்டியைக் கொண்டுவந்து நீட்டினேன். அவர் சிரித்துவிட்டு, பிஸ்கட்டை ஒதுக்கிவிட்டு, கணப்பருகே போய்க் குந்தி இரண்டு கைகளையும் நீட்டினார். வடநாட்டு ஆங்கிலத்தில் அச்சொல் குளிரால் விறைத்துப்போவதைக் குறிக்கும். சாவதைப் பொதுவாகக் குறித்த பழைய சொல்லொன்று, தெற்கே பசியால் சாவதென்றும் வடக்கே குளிரால் சாவதென்றும் பிரிந்துபோயிருக்கிறது.

அடுத்த வீட்டில் ஆறு வயதுப் பையன் ஒருவன். ஒருநாள் வேலியருகே நின்று, என்னிடம் 'ஸ்பைஸ்' இருக்கிறதா என்று கேட்டான். அதையும் 'தா' என்று ஒருமையில் விளித்துக் கேட்டான். அந்த ஒருமை 'தௌ' என்னும் பழஞ்சொல்லின் மரூஉ; அது கடவுளுக்கும் கவிதைக்கும் மாத்திரமே உரியதென்று பதினோரு வருஷமாக நான் போதித்து வந்தது. நம் ஊர்ப் பையன் 'நீ' என்பதுபோல இந்தப் பொடியன் வாயில் அது புரளக் கேட்டு நான் பிரமித்து நின்றதில் கேள்வியின் மற்றப் பாகத்தைச் சரியாக ஆலோசிக்கவில்லை. இந்தியாவிலிருந்து வந்திருப்பவர் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள், மிளகும் ஏலமும் விளையும் தேசத்தைப் பற்றிக் குழந்தைக்கு ஆசை பிறந்திருக்கிறது என்று பெருமிதங்கொண்டு, ஊரில் என் அம்மா கட்டிக் கொடுத்திருந்த பொட்டலத்தைப் பிரித்து, நல்ல பெருங்கிராம்பாக இரண்டைப் பொறுக்கி அவன் கையில் வைத்தேன். ஆவலோடு வாயில் போட்டுக் கடித்தான். அதன் பிறகு அவன் அலறிய அலறலில் அவன் தாயாரும், எதிர்வீட்டுக்காரரும், எங்கள் வீட்டு அம்மாளும் கூடிவிட்டார்கள். யார்க்ஷயரில் ஸ்பைஸ் என்றால் மிட்டாய். இஞ்சி ரொட்டியையும் உலர்ந்த பழங்களையும் மிட்டாயையும் ஒரே பெயரால் அழைத்த பழைய காலத்து வழக்கு, குழந்தைகளின் வாயில் அப்படியே தங்கிவிட்டிருக்கிறது. ஆறு பென்ஸுக்கு ஒரு காகிதப் பை நிறைய மிட்டாய் வாங்கிக் கொடுத்து அந்தச் சிநேகத்தைப் புதுப்பித்துக்கொண்டேன்.

இந்த அவமானங்களையெல்லாம் தனித்தனி விபத்துகளாகத்தான் நான் கருதியிருந்தேன். அவற்றுக்குள் ஒரு சாஸ்திரம் ஒளிந்திருப்பதை எனக்குக் காட்டியது லீட்ஸ் சர்வகலாசாலையிலேயே நடந்துகொண்டிருந்த வேறொரு காரியம். எங்கள் பயிற்சி வகுப்புக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. எங்கள் வகுப்பில் வாக்கிய அமைப்புகளைப் படிப்படியாக அடுக்கிப் பயிற்றும் முறை சொல்லித் தரப்பட்டது, அது பிரயோஜனமானதே. ஆனால் அங்கே ஆங்கில பாஷைப் பேராசிரியராக இருந்த ஹெரால்டு ஆர்ட்டன், ஸ்விட்ஸர்லாந்து பண்டிதரான ஆய்கன் டீத் என்பவரோடு சேர்ந்து வகுத்த திட்டப்படி, 1950 முதல் 1961 வரை இங்கிலாந்தின் 313 இடங்களில் கிராமத்துப் பேச்சைச் சேகரித்திருந்தார். அதன் முதற்பகுதிகள் நான் போன அந்த 1962ஆம் வருஷத்தில்தான் அச்சாகி வெளிவரத் தொடங்கின. ஆயிரத்து முந்நூறுக்கு மேற்பட்ட கேள்விகள். பதில் சொல்பவர்கள் பெரும்பாலும் அறுபது வயது கடந்த குடியானவர்கள். பல்லும் நாவும் காதும் பழுதில்லாதவர்களாகத் தேடிப் பிடித்திருந்தார்கள். சேகரிக்கப் போனவர்களில் ஸ்டான்லி எல்லிஸ் என்பவர், வண்டிக்குப் பின்னால் காரவன் ஒன்றை இழுத்துக்கொண்டு போய் அதிலேயே குடியிருந்து கேட்டு எழுதியவர்.

என்னைக் கவர்ந்தது அந்தக் கேள்விகளின் ஜாதி. ஒரு சொல்லைச் சொல்லி, இது உங்களூரில் வழங்குகிறதா என்று கேட்பதில்லை. பொருளைக் காட்டியோ, வர்ணித்தோ, அபிநயித்தோ, இதை நீங்கள் என்னவென்று சொல்வீர்கள் என்றுதான் கேட்பார்கள். விடையை வாயில் ஊட்டிவிடலாகாது. மாடு கட்டும் இடம் எது என்றால், ஒரு பக்கத்தார் 'பையர்' என்றார்கள், லங்காஷயர்க்காரர் 'ஷிப்பன்' என்றார், நான் குடியிருந்த மேற்கு யார்க்ஷயரில் 'மிஸ்டல்' என்றார்கள். தொழுவம் என்றும், கொட்டில் என்றும், கொட்டகை என்றும் ஜில்லாவுக்கு ஜில்லா மாற்றிச் சொல்லும் நமக்கு இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. ஆனால் ஆங்கிலேயனுக்கும் ஜில்லாக்கள் உண்டு என்பது எனக்கு மகா ஆச்சரியமாயிருந்தது. நான் அதுவரை சொல்லிலிருந்து பொருளுக்குப் போய்க்கொண்டிருந்தேன். அகராதியின் பாதை அது. பொருளிலிருந்து சொல்லுக்கு வருவது குழந்தையின் பாதை. டிரிப்பிங் கிண்ணத்தைக் கையில் எடுத்துக்கொண்டு நான் கேட்ட கேள்வி, அறியாமலே கேட்டதாயினும், சரியான கேள்வி; மூன்று வாரம் தாமதமாகக் கேட்டதுதான் குற்றம்.

அன்று முதல் சட்டைப்பையில் ஒரு சிறு நோட்டுப் புஸ்தகம். சனிக்கிழமைகளில் கர்க்கேட் மார்க்கெட்டுக்குப் போய்விடுவேன். மார்க்ஸ் அண்டு ஸ்பென்ஸர் என்னும் பெரிய வியாபார ஸ்தாபனம் 1884இல் எல்லாம் ஒரு பென்னி என்று கூவி விற்ற சிறு கடையாக ஆரம்பித்தது அந்தச் சந்தையில்தான். மீன்காரரிடமும், பொத்தான் விற்பவரிடமும், பழைய பூட்டுச் சாவிக்காரரிடமும் பொருளைத் தொட்டுக் காட்டிப் பெயர் கேட்பேன். முதலில் என்னைச் சுங்க உத்தியோகஸ்தனோ என்று நினைத்தார்கள். பிறகு ஆள் வரக் கண்டதும் புதுப் புதுச் சாமான்களாக எடுத்து வைத்துப் பரீட்சித்தார்கள். பன்னிரண்டு பென்ஸ் ஒரு ஷில்லிங், இருபது ஷில்லிங் ஒரு பவுன் என்ற வாய்ப்பாடு, பதினாறு அணாவோடு வளர்ந்தவனுக்குப் பெரிதில்லை. ஆனால் ஷில்லிங்கை ஒருவரும் ஷில்லிங் என்று சொல்லவில்லை, 'பாப்' என்றார்கள். ஆறு பென்ஸ் 'டானர்'. மூன்று ஷில்லிங் ஆறு பென்ஸ் என்பதை 'த்ரீ அண்டு சிக்ஸ்' என்று கத்தரித்தார்கள். 'ஹாஃப்பென்னி'யை 'ஹேப்னி' என்று விழுங்கினார்கள். நம் செட்டியார் கடையில் 'மூணேகால்' என்றால் எது மூன்று எது கால் என்று யார் விளக்குகிறார்கள்?

முடிவெட்டும் கடைக்காரர், ஒன்பது 'வைல்' ஐந்து கடை திறந்திருக்கும் என்றார். 'வரையில்' என்ற அர்த்தத்தில் 'வைல்' போடுவது பிழை என்று என் கையிலுள்ள சிவப்புப் பென்சில் துடித்தது. வீட்டுக்கு வந்து யோசிக்கையில், அதே பிரயோகம் மாக்பெத்தின் வாயிலேயே வருவது நினைவுக்கு வந்தது. ஐந்து வருஷம் பாடம் நடத்தியபோது அந்த வரி வந்த இடத்தையெல்லாம், அடிக்குறிப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லித் தாண்டியிருக்கிறேன்.

சொல் தெரிந்தும் தொனி தெரியாமல் விழுந்த இடங்களும் உண்டு. வகுப்புத் தோழர் ஒருவர், என்றைக்காவது டீக்கு வரவேண்டும் என்றார். நான் அடுத்த சனிக்கிழமையே போய் நின்றேன். 'வாங்க, சாப்பிடலாம்' என்று இலையில் உட்கார்ந்தபடி நாம் அழைக்கும்போது வந்தவர் 'இப்பத்தான் ஆச்சு' என்று சொல்லுவதுதான் முறை என்பது யார் சொல்லிக் கொடுத்து நமக்குத் தெரியும்? அந்தப் பாடத்தை எந்த ரீடரிலும் அச்சிட்டிருக்கவில்லை.

1963இல் ஊர் திரும்பி, ஆரம்பப் பள்ளி உபாத்தியாயர்களுக்கு ஆங்கிலப் பயிற்சி தரும் வேலையில் அமர்ந்தபோது, ஒரு சாக்குப்பை நிறையச் சாமான்களுடன் வகுப்புக்குப் போவதை வழக்கமாக்கிக்கொண்டேன். பூட்டு, தாழ்ப்பாள், புனல், சல்லடை, ஊக்கு, திரி, தக்கை. முதல் நாள் எல்லோரும் சிரித்தார்கள். 'சார், விளக்குமாத்துக்கு இங்கிலீஷ்லே என்ன சார்?' என்று ஒருவர் குறும்பாகக் கேட்டார். கேட்ட பிறகு, சந்தைக்கடை ஆங்கிலம் என்று தாம் கேலி செய்த சாமான்களில் பாதிக்குத் தமக்குப் பெயர் தெரியவில்லை என்பதைக் கண்டு அவரே நோட்டை எடுத்தார். சில சாமான்களுக்கு ஆங்கிலத்தில் பெயரே கிடையாது என்பதையும் அங்கேதான் கண்டுகொண்டோம். அம்மிக்குக் கல்லென்று சொல்லி ஒப்பேற்றலாம். 'எச்சில்' என்பதற்கு என்ன செய்வது? உமிழ்நீருக்கு ஆங்கிலம் உண்டு. ஒருவர் வாய் வைத்த தம்ளரை மற்றவர் தொடத் தயங்குகிற அந்தத் தயக்கத்துக்கு அவர்களிடம் பெயரில்லை, அந்தத் தயக்கமே அவர்களிடம் இல்லாதபடியால். சோதனைக்கு வந்த அதிகாரி ஒருவர் என் சாக்குப்பையைத் தடியால் தொட்டுப் பார்த்துவிட்டு, இச்சொற்கள் பாடத்திட்டத்தில் இல்லை என்று குறிப்பு எழுதிவிட்டுப் போனார். அது உண்மைதான், குறிப்பு இன்னும் கோப்பில் இருக்கும்.

லீட்ஸை விட்டுப் புறப்பட்ட அன்று, ஊரிலிருந்து கொண்டுபோன பித்தளைச் சொம்பு பெட்டியில் இடம் கொள்ளாமல் அந்த அம்மாளிடமே தங்கிவிட்டது. அவர் அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்து, இதற்கு என்ன பெயர் என்று கேட்டார். சொன்னேன். இரண்டு தரம் சொல்லிப் பார்த்தார். அதன் பிறகு வருஷந்தவறாமல் கிறிஸ்துமஸ் அட்டை வரும். 1971இல் வந்த அட்டையில் இடமில்லாமல் ஓரமெல்லாம் எழுதியிருந்தார்: பிப்ரவரி மாதம் முதல் ஷில்லிங்கையும் பழைய பென்ஸையும் ஒழித்து நூறு புதுப் பென்ஸ் ஒரு பவுன் என்று மாற்றிவிட்டார்களாம், கடைக்காரர்கள் எல்லோரும் திருடர்களாகிவிட்டார்களாம், பக்கத்து வீட்டுப் பையனுக்கு மீசை அரும்பியிருக்கிறதாம், சொம்பு ஜன்னலோரத்தில்தான் இருக்கிறது, ஜெரேனியம் செடிக்கு அதைக்கொண்டுதான் தண்ணீர் விடுகிறாராம். தலைக்குத் தேய்க்கும் ஷாம்பூவுக்குரிய எழுத்துகளைப் போட்டே சொம்பு என்ற சொல்லை எழுதியிருந்தார். கடைசியில் ஒரு கேள்வி: அதன் கழுத்துக்குக் கீழே சுற்றிலும் வரிவரியாகச் செதுக்கியிருக்கிறதே, அந்த வேலைப்பாட்டுக்கு உங்கள் ஊரில் என்ன பெயர்?

எனக்குத் தெரியவில்லை. வீட்டில் கேட்டேன், அவளுக்கும் தெரியவில்லை. மறுநாள் காலையில் வீட்டிலிருந்த இன்னொரு சொம்பைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு, நோட்டையும் பென்சிலையும் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, பாத்திரக்கடைத் தெருவுக்குப் புறப்பட்டேன்.